அர்லிஸ் வீட்டு நாய் பட்டினி கிடந்த குளிர்காலம்

பள்ளிக்கூட பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒருவன் சூயிங்கம் மெல்ல ஆரம்பித்தால், கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் "துப்புடா" என்பாள் அர்லிஸ் ஹாகன். எங்கள் லிண்டால் ஊரில் இன்று பிள்ளை குட்டிகளோடு இருப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் குரலுக்குப் பயந்து வளர்ந்தவர்கள். போன வருடம் ஷெரீப் ஆபீஸிலிருந்து வந்த ஒரு தடியன் அவளுடைய வண்டியை மடக்கி, ஒரு விளக்கு எரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அவனைப் பார்த்து "முதல்ல அந்தத் தொப்பிய நேரா போடு" என்றாள். போட்டுக்கொண்டான்.

நான் எதிர்வீட்டுக்காரி, ஜோலீன். எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு சரளைக்கல் ரோடு, அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளோடு சண்டை போட்டுக்கொண்டும் பாத்திரங்களைக் கடன் கொடுத்துக்கொண்டும் இருக்கிறேன். ஆகவே அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது. பிள்ளைகளை இறக்கிவிட்டதும் மற்ற டிரைவர்கள் கிளம்பிவிடுவார்கள். அர்லிஸ் கிளம்ப மாட்டாள். பிள்ளை பனியில் நடந்து வீட்டுக்குள் போய், சமையலறை விளக்கு எரிகிற வரை பஸ்ஸை உறுமவிட்டுக்கொண்டு நிற்பாள். பின்னால் கார்கள் வரிசையாகக் காத்துக்கிடக்கும். ஹாரன் அடித்தவனை அவள் ஜன்னலைத் திறந்து பார்த்த பார்வையில் அவன் அடுத்த தடவை வேறு ரோட்டில் போனான். பஸ் கம்பெனியிலிருந்து கண்டித்தபோது, "லைட் எரிஞ்சாத்தான் ஆள் உள்ள போயாச்சுன்னு எனக்குத் தெரியும். இல்லேன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. நீங்க வந்து தாலாட்டுப் பாடுவீங்களா?" என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டார்கள்.

இவளுக்கு நேர் எதிர் அவள் புருஷன் மைலோ. தானியக் கிடங்கில் மெஷின் இரைச்சலுக்கு நடுவே வேலை பார்த்துக் காது மந்தமாகிப் போனவன். சாது. கோதுமைத் தூசி படிந்த தொப்பியோடு யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். காது கேட்காததால் பேச்செல்லாம் கத்தல்தான். வானிலை சொல்வதும் கத்தல், ரகசியம் சொல்வதும் கத்தல், சாப்பாட்டு ஜெபமும் கத்தல். கோடையில் ஜன்னல் திறந்திருந்தால், அவர்கள் வீட்டில் எப்போது சாப்பிட உட்காருகிறார்கள் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். அர்லிஸ் ஜெபம் பண்ணுகிற ரகம் இல்லை. "வண்டி ஓட்றது நான், கடவுள்கிட்ட பேசறது அவன். ஆளுக்கொரு வேலை" என்பாள்.

ஃபெர்ன் மைலோவின் நாய். மஞ்சள் நிற லாப்ரடார், காது மட்டும் வேறு ஏதோ ஜாதி. அதைக் குட்டியாகக் கொண்டுவந்ததும் அவன்தான், பழக்கியதும் அவன்தான். விடியும் முன்னே அர்லிஸ் பஸ்ஸைச் சூடாக்கப் போய்விடுவாள். திரும்பி வருவதற்குள் நாய்க்கும் மனிதனுக்கும் சாப்பாடு ஆகியிருக்கும். நாயின் கிண்ணம் பின்வாசல் அறையில், பூட்ஸ்களுக்கும் கோட்டுகளுக்கும் நடுவே இருந்தது. மூட்டையிலிருந்து ஒரு குவளை உலர் தீனியைக் கொட்டினால் தின்று முடித்துவிட்டு வந்து மைலோவின் காலடியில் படுக்கும். அதன் சாப்பாட்டைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியிருந்ததில்லை.

மைலோ போன இலையுதிர் காலத்தில் செத்துப்போனான். வயிற்றில் கட்டி. கடைசி மாதங்களில் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அர்லிஸ் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, கூடத்தில் போட்டிருந்த அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்பூனும் கையுமாக நின்றாள். "ஒரு வாய், மைலோ. ஒரே ஒரு வாய்." அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அவன் தன்னால் முடியாது என்று தலையசைப்பான். ஆனால் அவள் தன் தட்டோடு உட்கார்ந்தால், அவளுக்காக அந்த ஜெபத்தை மட்டும் கத்திச் சொல்லிவிடுவான்.

அடக்கத்துக்குப் பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியுமாக எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். போதகர் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன்தான், என்ன சொல்வதென்று தெரியாமல் "கடவுளுக்கு ஒரு நல்ல மனுஷன் தேவைப்பட்டிருக்கு" என்றார். அர்லிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எனக்கும்தான் தேவைப்பட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள். அன்றைக்கு அங்கிருந்து வந்தவள்தான். அதற்குப் பிறகு சர்ச் வாசலை மிதிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் வரை வீட்டில் ஆள் இருந்தது. அவன் அண்ணன் குடும்பம், டகோட்டாவிலிருந்து அவள் தங்கை, தட்டு தட்டாகச் சாப்பாடு தூக்கிக்கொண்டு சர்ச் பெண்கள். ஃபெர்ன் அப்போதெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டது. ஜனவரியில் எல்லோரும் போய்விட்டார்கள். அப்போதுதான் நாய் தீனியைத் தொடாமல் விட ஆரம்பித்தது.

துக்கமாக இருக்குமோ என்று நான்தான் முதலில் சொன்னேன். "துக்கம்னா அவன் செத்தப்ப இல்ல வரணும்? அப்ப நல்லா தின்னுச்சு. ரெண்டு மாசம் கழிச்சா ஞாபகம் வரும்?" என்று அர்லிஸ் மடக்கினாள். அது நியாயமாகத்தான் பட்டது.

பிறகு ஊரே கூடி வைத்தியம் பார்த்தது. தீனியில் வெந்நீர் ஊற்றிப் பார் என்றார்கள், ஊற்றினாள். கோழி சூப் ஊற்றினாள். பூசணிக்காய் மசித்ததை ஒரு கரண்டி கலந்தாள். தீனி போட்டு வைத்திருந்த டப்பாவின் அடியில் பழைய எண்ணெய் சிக்குப் பிடித்து நாறுமோ என்று அதைத் தேய்த்துக் கழுவி, புது மூட்டை வாங்கிப் பிரித்தாள். தீவனக் கடைக்காரன் மீன் வாசனை உள்ள வேறு ஒரு தினுசைக் கொடுத்தான். அதனால் நடந்த ஒரே காரியம், பின்வாசல் அறையில் இருந்த கோட்டெல்லாம் மீன் நாற்றம் அடித்ததுதான்.

வினோதம் என்னவென்றால், நாய் கிண்ணத்தை வெறுக்கவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்துகொள்ளும். வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி தொங்கும். கிண்ணத்தைப் பார்க்கும், அர்லிஸைப் பார்க்கும், மறுபடி கிண்ணத்தைப் பார்க்கும். பிறகு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொள்ளும். பசி பொறுக்காமல் எப்போதாவது யாரும் பார்க்காதபோது கொஞ்சம் தின்றிருக்கும். அது உயிரோடிருக்கத்தான் போதும். மார்ச் வருவதற்குள் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

மிருக வைத்தியர் கீஸ்லர் கெட்டிக்காரி. ரத்தம் எடுத்துப் பார்த்தாள், ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள், எதுவும் சிக்கவில்லை. "எச்சி ஊறுது, ஆனா தொடலேன்னா குமட்டலா இருக்கலாம். உள்ள ஏதாவது இருக்கலாம். பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயித்துக்குள்ள பாத்தாத்தான் தெரியும், அர்லிஸ். இதுக்கும் வயசாயிடுச்சு. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

அன்றைக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். பின்சீட்டில் நாய், பக்கத்தில் அர்லிஸ். பீட்ரூட் வயல்களெல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தவள் திடீரென்று சொன்னாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் போறதா இல்ல. மைலோவையும்தான் கொண்டு போனோம், என்னத்தக் கண்டோம்?"

"அப்புறம்?"

"அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நேரம் கேட்டுட்டேன். ஊசி போட்டு, வலியில்லாம அனுப்பிட."

"பைத்தியமாடி உனக்கு? நாய் வாலாட்டுது. கண்ணு பளிச்சுன்னு இருக்கு."

"அவனுக்கும் கண்ணு பளிச்சுன்னுதான் இருந்துச்சு, கடைசி வரைக்கும்." குரல் உடைந்தது. உடனே இருமுவது போல் அதைச் சரிசெய்தாள். "ஸ்பூனத் தூக்கிக்கிட்டு ஒரு தடவ கெஞ்சியாச்சு, ஜோலீன். இன்னொரு தடவ என்னால முடியாது. பட்டினி கிடந்து சாகறத என்னால பாக்க முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. ஹீட்டரைக் கூட்டி வைத்துவிட்டு ஓட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் அர்லிஸ் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து டீமைப் போட்டிக்கு ஏற்றிப்போக வேண்டியிருந்தது. இரண்டு நாள் வெளியூர். நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது. மூட்டையை மட்டும் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தைக் கொடுக்க மறந்துவிட்டாள். கைப்பிடி உடைந்த ஒரு பழைய சட்டியில் தீனியைக் கொட்டி எங்கள் சமையலறை மூலையில் வைத்தேன். காலையில் மோந்துகூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் நானும் என் புருஷன் வென்டலும் சாப்பிட உட்கார்ந்தோம். மூலையிலிருந்து நறுக் மொறுக் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் சட்டி காலி. ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். காலையில் விரதம், சாயங்காலம் விருந்து.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாயை நான் பிழைக்க வைத்துவிட்டேனே! கண்டுபிடித்ததும் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சட்டிதான் காரணம். அவர்கள் வீட்டு இரும்புக் கிண்ணத்தில் கழுத்துப் பட்டையின் வில்லை கிணிங் கிணிங் என்று இடிக்கிறது, அது நாய்க்குப் பிடிக்கவில்லை. இதை வென்டலிடம் மூன்று தடவை விளக்கினேன்.

அர்லிஸ் திரும்பி வந்ததும் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் சந்தோஷப்படவில்லை. முகம் வாடிவிட்டது.

"உன் வீட்ல தின்னுச்சா?"

"தொடச்சு நக்கிடுச்சு."

"அப்ப தீனியில கோளாறு இல்ல. வயித்துலயும் இல்ல. நான்தான் கோளாறு."

"உளறாதே. எல்லாம் இந்தச் சட்டிதான். வெச்சுப் பாரு."

வைத்தாள். ஃபெர்ன் வந்து சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தது. எச்சில் ஒழுகியது. சட்டியைப் பார்த்தது, அர்லிஸைப் பார்த்தது. அப்படியே உட்கார்ந்திருந்தது. நாங்களும் நின்றோம். கடைசியில் அது பெருமூச்சு விட்டுப் படுத்தது.

"பாத்தியா?" என்றாள் அர்லிஸ். "என் கையால யாருக்கும் சாப்பாடு எறங்காது. வீட்டுக்குப் போ, ஜோலீன். சட்டிய எடுத்துக்கோ."

"நீயே வெச்சுக்கிறியா அத?" என்று நாயைக் காட்டி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடனே சரி என்றிருப்பேன். நானும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு பெண்ணிடம் போய், உன் புருஷன் விட்டுப்போன கடைசி உயிர் உன்னிடம் வாழாது, என்னிடம் கொடு என்று எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை சாயங்காலம் ஹாட்டிஷ் செய்தேன். மாட்டுக் கொத்துக்கறி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி அடுப்பில் சுட்டது. எங்கள் ஊரில் செத்தாலும் பிறந்தாலும் இதுதான். நாளைக்கு ஊசி. இன்றைக்கு அவளைத் தனியாக விடக்கூடாது என்று வென்டலையும் இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்கு ஃபெர்னை ஒரு தடவை பார்த்துக் காதைத் தடவ வேண்டும், ஆனால் அதைச் சொல்ல வெட்கம். "பசிக்குது, அதான் வந்தேன்" என்றான்.

அர்லிஸ் பஸ் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு கிண்ணம் கார்ன்ஃப்ளேக்ஸ் தின்றுகொண்டிருந்தாள். மேஜையில் மைலோவின் நாற்காலிமேல் மடித்த துணிகள் குவிந்திருந்தன. அவள் அந்த மேஜையில் உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணிகளை அள்ளி ஓரமாகப் போட்டேன். பின்வாசல் அறையில் ஃபெர்ன் தன் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அர்லிஸ் வேலைக்குப் போகும்முன் வைத்த தீனி அப்படியே இருந்தது.

"உக்காருடி" என்றேன்.

"எனக்கு வேணாம். நீங்க சாப்பிடுங்க. பால் எடுத்துட்டு வரேன்."

வென்டல் உட்கார்ந்தான். ஜெபம் சொல்லாமல் கரண்டியைத் தொட்டால் செத்துப்போன அவன் அம்மா எழுந்து வந்து கையில் அடிப்பாள் என்று இன்னும் நம்புகிறவன் அவன். கண்ணை மூடி, கையைக் கோத்து, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி ஒரே மூச்சில் முணுமுணுத்தான். இந்த வீட்டில் இப்போது அது கூடாது என்று நான் மேஜைக்கடியில் அவன் காலை உதைப்பதற்குள் முடித்துவிட்டான்.

"...ஆமென்."

நறுக் மொறுக். நறுக் மொறுக்.

பால் ஜாடியோடு அர்லிஸ் அப்படியே நின்றாள். இரும்புக் கிண்ணத்தில் வில்லை கிணிங் கிணிங் என்று இடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கிண்ணத்தை நக்கும் சத்தம். நாக்கால் வாயைத் துழாவிக்கொண்டு ஃபெர்ன் உள்ளே வந்தது.

"நான் என்ன பண்ணேன்?" என்றான் வென்டல். நான் தாமதமாக உதைத்த உதை அப்போதுதான் அவனுக்கு வலித்திருக்க வேண்டும்.

அர்லிஸ் ஜாடியை வைத்தாள். போய்க் கிண்ணத்தில் தீனி கொட்டினாள். ஃபெர்ன் அதன் முன்னால் உட்கார்ந்தது. எச்சில் ஒழுக அவளைப் பார்த்தது.

"கடைசியா சொன்னியே, அதச் சொல்லு."

"எத? ஆமெனா?"

அவன் வாயை மூடுவதற்குள் நாய் கிண்ணத்துக்குள் தலையை விட்டுவிட்டது.

அர்லிஸ் பூட்ஸ்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "பாவி! நாய்க்கும் ஞானஸ்நானம் குடுத்து வெச்சிருக்கான் பாரு! ஜெபம் முடியாம வாய வெக்கக்கூடாதுன்னு பழக்கியிருக்கான்! இத்தன வருஷம் என்கிட்ட ஒரு வார்த்த சொன்னானா?" சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. "ஜனவரியிலேர்ந்து கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. தின்னலாமா, தின்னலாமான்னு. நான் ஊசி போடப் பாத்தேனே." நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாய் தின்றுகொண்டே இருந்தது. நானும் அழுதேன். வென்டல் ஹாட்டிஷ் ஆறிப்போகிறது என்றான்.

யோசித்தால் எல்லாம் பொருந்தி வந்தது. மைலோ படுக்கையில் கிடந்தவரை கத்தினான், நாய் தின்றது. கிறிஸ்துமஸ் வரை சொந்தக்காரர்களும் சர்ச் பெண்களும் வேளைக்கு வேளை ஜெபம் சொன்னார்கள், நாய் தின்றது. எங்கள் வீட்டில் காலையில் வென்டலுக்கு வெறும் காபிதான், ஜெபம் சாயங்காலச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். என் சட்டியைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. வென்டலைத் தவிர.

காலையில் ஊசி வேண்டாம் என்று கீஸ்லருக்குப் போன் போனது. ஆனால் காரியம் முடிந்துவிடவில்லை. வேளைக்கு வேளை வென்டலை அனுப்ப முடியுமா?

"நீ சொல்லிட வேண்டியதுதானே" என்றேன்.

"மாட்டேன். கடவுள்கிட்ட எனக்குப் பேச ஒண்ணும் இல்ல. ஒத்தத் தட்டுக்கு நன்றி சொல்லணுமா?"

"வெறும் ஆமென் சொல்லு. நாய்க்காக."

சொல்லிப் பார்த்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஜாக்கெட்டோடு, பஸ்ஸில் "துப்புடா" என்கிற அதே குரலில், "ஆமென்!" ஃபெர்ன் தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டதாக நினைத்துக் கோட்டுகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வெளிய போடி" என்றாள்.

அந்த வாரம் முழுக்க நான் அந்தப் பக்கம் போகவில்லை. கூப்பிடாமல் போனால் திட்டுவாள், போகாவிட்டாலும் திட்டுவாள், இரண்டாவது பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். ஆனால் ஹாட்டிஷ் பாத்திரம் அவளிடம் மாட்டிக்கொண்டது. ஒரு சாயங்காலம் அவளுடைய பஸ் வந்து நின்றதைப் பார்த்து, கொஞ்சம் பொறுத்து ரோட்டைக் கடந்தேன். பின்வாசல் கதவை மெல்லத் திறந்தேன். ஃபெர்ன் நிறைந்த கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து வாலை ஒரு தடவை தரையில் தட்டிவிட்டு மறுபடி உள்ளே பார்த்தது.

சமையலறையில் நாற்காலி இழுபடும் சத்தம். அர்லிஸ் மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். தொண்டையைச் செருமினாள். பிறகு தாழ்ந்த குரலில், யாரோ எதிரே இருப்பது போல் பேச ஆரம்பித்தாள்.

"எனக்கு உன் ஜெபமெல்லாம் தெரியாது, மைலோ. நடந்ததச் சொல்றேன். கவுண்டி ரோட்ல பனி மூடிப் போச்சு, மெதுவாத்தான் வந்தேன். நைகார்ட் வீட்டுச் சின்னது வாந்தி எடுத்துடுச்சு, நானே தொடச்சேன். லுண்ட் வீட்ல லைட் எரிய நேரமாச்சு. எரியற வரைக்கும் நின்னேன். எல்லாரும் உள்ள போயாச்சு." நாற்காலி ஒரு தடவை கிரீச்சிட்டது. "நீ போய்ச் சேந்தியான்னு மட்டும் தெரியல. நான் இன்னும் ரோட்லதான் நிக்கறேன். உள்ள போயிட்டேன்னா, ஒரு லைட்டப் போடு, என்ன?"

நானும் நாயும் அசையவில்லை.

"சரி. ஆமென்."

ஃபெர்ன் குனிந்து தின்ன ஆரம்பித்தது. வில்லை கிண்ணத்தில் கிணிங் கிணிங் என்று இடித்தது. உள்ளே அர்லிஸின் கரண்டியும் தட்டில் இடிபடும் சத்தம் கேட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போதுதான் வந்தவள் மாதிரி கதவை ஓங்கிச் சாத்தினேன்.

"யாரது? ஜோலீனா? எவ்ளோ நேரமா நிக்கிற அங்க?"

"இப்பத்தான் வந்தேன். பாத்திரம் வாங்க."

"பொய்யி. பூட்ஸக் கழட்டிட்டு வா" என்றாள். அலமாரியிலிருந்து இன்னொரு தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது.